சுண்ணாம்பு ஒட்டிய கால்கள்

சாய்ந்தமருதில் கலியாணமோ பையன்களின் கத்னாவோ எந்த விருந்தாக இருந்தாலும், கிடாரம் என்னும் பெருஞ்சட்டியை அடுப்பில் ஏற்றச் சரீப்பைத்தான் கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர். நெய்ச்சோற்றின் பதம், மூடியைத் திறக்காமலே மணத்தில் தெரியும் அவருக்கு. இறைச்சி வெட்டும் இடத்தில் இலையான் மொய்க்கும். ஒரு கையால் வெட்டுவார், மறு கையால் விசுக்குவார். ஈ மொய்க்காத விருந்து வீட்டை அவர் கண்டதில்லை. அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

1978 நவம்பரில் சூறாவளி வந்தது. விடிந்து பார்த்தபோது ஊரில் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. கடற்கரைத் தோணிகள் வீட்டு வளவுகளுக்குள் கிடந்தன. சரீப்பின் வீட்டுக் கிடுகுக் கூரை போன இடமே தெரியவில்லை. மண்சுவர் கரைந்து குவியலாகிவிட்டது. மனைவி றாபியாவையும் மூன்று வயது மகள் நதீராவையும் கூட்டிக்கொண்டு, ஊரோடு ஊராகப் பாடசாலைக்குப் போனார். பாடசாலையின் ஓடுகள் பாதி பறந்திருந்தாலும் சுவர்கள் நின்றன. ஒவ்வொரு வகுப்பறையிலும் பாய்க்குப் பாய் ஒட்டிக்கொண்டு குடும்பங்கள் இருந்தன.

பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்த அப்துல் ஸமட் மரைக்கார் அன்றைக்கே சரீப்பைத் தேடி வந்தார்.

“சரீப், இவ்வளவு சனத்துக்கும் ஆக்கிப் போட உன்ன விட்டா வேற ஆளில்ல. சம்மாந்துறையில இருந்து அரிசி ஏத்தி அனுப்புறதாச் சொல்லிரிக்காங்க. நீ அடுப்ப மூட்டு.”

பாடசாலைப் பின்புறத்தில், சுவரோடு சாய்த்து நான்கு தகரம் போட்டு, சரீப் அடுப்பு மூட்டினார். விறகுக்குப் பஞ்சமில்லை, மரமெல்லாம் விழுந்துதான் கிடந்தது. சோறும் பருப்பும், சில நாட்களில் ஒரு சம்பலும். வீடிழந்த துயரத்திலும், தன் கையால் அத்தனை பேர் பசியாறுவதைப் பார்க்க அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. இரண்டாம் வாரத்தில் அந்த ஆறுதல் போய்விட்டது.

முதலில் நாற்றம் வந்தது. மேற்கே வெள்ளம் நின்ற வயல்களில் செத்த மாடுகள் ஊதிக் கிடந்தன. கரையில் ஒதுங்கிய மீன் அழுகியது. பாடசாலையில் இருந்தவை மாணவர்களுக்கென்று கட்டிய சில கக்கூசுகள்தான். கதவும் கூரையும் காற்றோடு போயிருந்தன. மழையில் குழிகள் நிரம்பி வெளியே வழிந்தன. பிள்ளைகள் சுவருக்குப் பின்னால் கண்ட இடத்தில் குந்தினார்கள். பிறகு மழை விட்டு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் எறித்தது. அதற்குப் பின்தான் இலையான்கள் வந்தன.

அதுவரை அவர் கண்ட இலையான்கள் வேறு, இவை வேறு. உடுப்புக் காயப்போட்ட கயிறு, தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புக் கயிறு போலிருக்கும். கிட்டப் போனால் வெள்ளையாகும். தூங்கும் பிள்ளைகளின் கண்ணோரத்திலும் வாயோரத்திலும் அப்பிக்கொண்டிருந்தன. அகப்பைக் காம்பைப் பிடிக்க முன்னர் அதை உதற வேண்டியிருந்தது. சோற்றைக் கோப்பையில் போட்டுக் கொடுத்தால், வாங்கியவர் பாய்க்குப் போவதற்குள் மேலே கறுப்பாகிவிடும்.

பிள்ளைகளுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. பிறகு பெரியவர்களுக்கும். குளிர் பட்டதால் என்றார்கள் சிலர். பருப்பு சரியாக அவியவில்லை என்று யாரோ சொன்னது சரீப்பின் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து பருப்பை மசிந்து கூழாகும்வரை அவித்தார். ஆனாலும் நிற்கவில்லை. கல்முனையிலிருந்து சுகாதாரப் பரிசோதகர் செல்லத்தம்பி சைக்கிளில் வந்து கிணற்றுக்கு மருந்து போட்டார். கொதித்தாறிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று வகுப்பறை வகுப்பறையாகப் போய்ச் சொன்னார். அதற்கும் நிற்கவில்லை.

சரீப் ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கலானார். நேற்று வந்தவர் இன்று வராவிட்டால், கரண்டியை வைத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டனுப்பினார்.

ஒரு காலை, அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தபோது றாபியா வந்து நின்றாள். அவள் முகத்தைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

“நதீராவுக்கா?”

“ஓம். விடியக்காலையில இருந்து போகுது. இப்ப ரத்தமாப் போகுது. கண்ணத் திறக்கிறாள் இல்ல.”

அவர் ஓடினார். பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. வயிற்றைத் தொட்டபோது முனகினாள். அடுத்த பாயில் மீன்பிடிக்கும் பக்கீரின் மனைவி சுபைறா, தன் பையன் றிஸ்வானை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். நடக்கப் பழகிய வயது. தலை அவளுடைய கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இவனுக்கும் அப்பிடித்தான் காக்கா. ராவுல இருந்து,” என்றாள்.

அந்த நேரம் செல்லத்தம்பி வந்துவிட்டார். கூலிக்கு இரண்டு பேரைக் கூட்டி, தள்ளுவண்டியில் சில மூட்டைச் சுண்ணாம்புத் தூளும் கொண்டு வந்திருந்தார். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, கண்ணிமையைத் தூக்கி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் உடனே விழவில்லை.

“இதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது. கல்முனை ஆசுபத்திரிக்குத்தான் கொண்டு போகோணும். மத்தியானம் அரிசி ஏத்திக்கொண்டு வாற டிராக்டர் திரும்பிப் போகேக்க ரெண்டு பேரையும் ஏத்திவிடுங்க. அதுவரைக்கும் கொதிச்ச தண்ணியில உப்பும் சீனியும் போட்டு, கரண்டி கரண்டியாக் குடுங்க. சத்தியா வெளிய வந்தாலும் விடாமக் குடுங்க. இளநியும் குடுக்கலாம்.”

பிறகு அவர் கக்கூசுப் பக்கம் போனார். ஆட்கள் வழிந்து கிடந்த குழிகளின்மேலும், பிள்ளைகள் குந்திய இடமெல்லாமும், தடிப்பாகச் சுண்ணாம்புத் தூளைக் கொட்டினார்கள். பாடசாலைப் பின்புறம் வெள்ளைவெளேரென்று ஆனது. மருதமுனைப் பக்கமும் இதே நிலைதான் என்று சொல்லிச் செல்லத்தம்பி சைக்கிளில் ஏறிப் போனார்.

சரீப் அடுப்புக்குத் திரும்பினார். வேறென்ன செய்வது. அத்தனை பேரும் காலையில் பிளேன்டீ மட்டுமே குடித்திருந்தார்கள். அரிசி களைந்து போட்டார், பருப்பைக் கடைந்தார். இடையில் இரண்டு தடவை ஓடிப்போய் நதீராவைப் பார்த்துவிட்டு வந்தார். வெயிலில் நிழல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, டிராக்டர்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். சோறு வடித்தாயிற்று. ஆவி போகட்டும் என்று கிடாரத்தைச் சற்று நேரம் திறந்து வைத்துவிட்டு, மூடியைக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்தார்.

சனம் கோப்பைகளோடு வரிசையில் வந்துவிட்டது. மூடியைத் தள்ளி வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தார்.

கரி படிந்த கறுப்பு மூடியின்மேல் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். ஊசி முனையால் தொட்டு வைத்தது போல, வரிசை வரிசையாக. மா கொட்டியிருக்கிறது என்று நினைத்தார். ஆனால் அன்றைக்கு அங்கே கோதுமை மா இருக்கவில்லை. விரலால் தொட்டுத் தேய்த்தார். நறநறத்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இலையான் வந்து அவருடைய புறங்கையில் இருந்தது. முன்னங்கால்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்தது. அந்தக் கால்கள் வெள்ளையாக இருந்தன.

அவர் கையை அசைக்கவில்லை. தலையை மட்டும் உயர்த்திக் கக்கூசுப் பக்கம் பார்த்தார். அங்கே வெள்ளை நிலத்தின்மேல் இலையான்கள் எழுந்து எழுந்து இருந்தன. காற்று அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்தது. பிறகு கிடாரத்துக்குள் பார்த்தார். வெள்ளைச் சோற்றில் வெள்ளைப் புள்ளி தெரியாது. ஆனால் பக்கத்துச் சட்டியில் மஞ்சள் பருப்பின் விளிம்பில், கிடாரத்தின் கறுப்பு உதட்டில், அகப்பைக் காம்பில், எங்கும் அந்தப் புள்ளிகள்.

இவ்வளவு நாளும் அந்தக் கால்கள் இதே வழியாகத்தான் வந்திருக்கின்றன. இன்றைக்குத்தான் அவற்றில் நிறம் ஒட்டியிருக்கிறது. அவருக்கு நேற்று நதீராவுக்குத் தானே பிசைந்து ஊட்டிய சோறு நினைவுக்கு வந்தது.

“சரீப் காக்கா, போடுங்க. சின்னப் புள்ளைகள் பசியில அழுகுதுகள்,” என்றார் வரிசையில் முன்னால் நின்றவர்.

“போடேலாது,” என்றார் சரீப்.

சத்தம் கிளம்பியது. மரைக்கார் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “என்ன இது? ஆக்கின சோத்த வெச்சிக்கிட்டு சனத்தக் காயப் போடுறியா?”

“மரைக்கார், இதப் பாருங்க.” சரீப் மூடியைத் தூக்கிக் காட்டினார். “இது சுண்ணாம்பு. கக்கூசுல கொட்டின சுண்ணாம்பு. இலையான்ட கால்ல ஒட்டி இஞ்ச வந்திரிக்கி. சுண்ணாம்பு மட்டுமா வரும்?”

மரைக்கார் மூடியைப் பார்த்தார். கக்கூசுப் பக்கம் பார்த்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய மருமகனும் அப்போது பாயில்தான் கிடந்தான்.

“யா அல்லாஹ்,” என்றார் மெதுவாக. “இவ்வளவு நாளும் இதையா திண்ட நாங்க?” பிறகு, “ஆனா சரீப், இவ்வளவு சோத்தையும் கொட்டுறதும் பாவம். நாளைக்கு அரிசி வருமா எண்டு எனக்கே தெரியாது.”

சரீப்புக்கும் கொட்ட மனமில்லை. “கொட்டத் தேவல்ல. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுத் தண்ணி விட்டுக் காச்சுறன். கொதிச்சுக் கஞ்சியாகட்டும். கொதிக்கக் கொதிக்க அடுப்பில இருந்தே போடுறன். சூடாகவே குடிக்கோணும். கோப்பையக் கழுவிக் கொதிதண்ணி ஊத்தித்தான் நீட்டோணும்.”

சனம் முணுமுணுத்தது. ஒருவர் கோப்பையை நிலத்தில் எறிந்துவிட்டுப் போனார். இலையானுக்குப் பயந்த சமையற்காரனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று இன்னொருவர் சொன்னார். சரீப் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டிராக்டர் வந்தது. மூட்டைகளை இறக்கியதும் சாரதி அவசரப்பட்டான். றாபியா நதீராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுபைறாவும் பக்கீரும் தங்கள் பையனோடு பெட்டியில் ஏறினார்கள். சரீப் மகளை வாங்கி மேலே கொடுத்தார். பிள்ளை அவ்வளவு இலேசாக இருந்தது. ஒரு காலை டிராக்டர்ப் பெட்டியில் வைத்துவிட்டு, திரும்பி அடுப்பைப் பார்த்தார். கஞ்சி இன்னும் கொதிக்கவில்லை. அகப்பையை யாரோ கையில் எடுத்திருந்தார்கள்.

றாபியாவும் அதைப் பார்த்தாள்.

“நீங்க இரிங்க,” என்றாள். “நான் புள்ளையக் கொண்டு போறன். கொதிக்காம ஆருக்கும் குடுக்க விடாதிங்க.”

டிராக்டர் போய்விட்டது. அன்றைய பகல் எப்படிக் கழிந்தது என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், கஞ்சி குமிழி விட்டதுதான் ஞாபகம் இருக்கிறது என்பார்.

பின்னேரம் செல்லத்தம்பியைத் தேடி ஆள் அனுப்பி, மரைக்கார் அவரைக் கூட்டி வந்தார். செல்லத்தம்பி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

“இலையான் கடிக்கிறதில்ல காக்கா. அதாலதான் ஆரும் பயப்பிடுறதில்ல. மலத்தில இருந்திட்டு வந்து சோத்தில இருக்கும். காலில கிருமி, உடம்பு மயிரில கிருமி. அதுக்குப் பல்லில்ல, தான் திண்டத வெளிய கக்கி, சோத்தக் கரைச்சித்தான் உறிஞ்சும். இருந்த இடத்திலயே எச்சமும் போடும். இதெல்லாம் படிச்சிருக்கிறன். ஆனா இப்பிடிக் கண்ணால கண்டதில்ல.”

“அப்ப என்ட புள்ளைக்கு நானே குடுத்தனா?” என்று கேட்டார் சரீப்.

செல்லத்தம்பி மூடியைக் கீழே வைத்தார். “அது ஆராலயும் சொல்லேலாது. தண்ணியால வந்திருக்கலாம், கையால வந்திருக்கலாம். இப்ப அத விடுங்க. நாளைக்கு வாற புள்ளையப் பாப்பம்.”

இருட்ட முன்னரே வேலை தொடங்கிவிட்டது. காற்றுப் போகும் திசையில், தூரமாக, ஆழமான கிடங்கு வெட்டினார்கள். போகிறவர் ஒவ்வொருவரும் மண் தள்ளி மூட வேண்டும் என்று கட்டளை. மறுநாள் வயலில் கிடந்த மாடுகளை ஆழமாகப் புதைக்க ஆட்கள் போனார்கள். முதல்நாள் கோப்பையை எறிந்தவரும் மண்வெட்டியோடு அதில் போனார்.

அன்று காலைதான் பக்கீர் கல்முனையிலிருந்து நடந்து வந்தார். பையன் ஆசுபத்திரியில் விடியும்போது மௌத்தாகிவிட்டான். நதீராவுக்கு ஊசியில் சேலைன் ஏற்றுகிறார்கள், இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். தன் பிள்ளையின் செய்தியையும் சரீப்பின் பிள்ளையின் செய்தியையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, பக்கீர் மையவாடிக்குக் குழி வெட்டச் சொல்லப் போனார்.

சரீப் ஜனாஸாவுக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றார். பக்கீரின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அடக்கம் முடிந்த பின்னேரம், பக்கீர் ஒரு பெரிய பொதியைத் தோளில் சுமந்துகொண்டு அடுப்படிக்கு வந்தார். கூனி இறால் பிடிக்கும் நெருக்கக் கண் வலை. சூறாவளியில் கிழிந்தது போக மிஞ்சிய துண்டு.

“இதச் சுத்திக் கட்டினா இலையான் வராது,” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து தகரத்தின் விளிம்பிலிருந்து நிலம்வரை வலையைத் தொங்கவிட்டு, அடியில் மண் போட்டு மூடினார்கள். அதற்குள் நின்று சமைத்தால் உடம்பு வெந்து போகும். சரீப் அதற்குள் நின்றுதான் சமைத்தார்.

நோய் ஒரேயடியாக நிற்கவில்லை. ஒரு கிழவரும் இன்னொரு கைக்குழந்தையும் போனார்கள். ஆனால் புதிதாக விழுகிறவர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். நதீரா ஒரு வாரம் கழித்து றாபியாவின் இடுப்பில் இருந்து வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். வந்ததும் பசிக்கிறது என்றாள். சரீப் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார், மறுபடியும் கழுவினார். பிறகும் ஊட்டாமல் றாபியாவிடமே கோப்பையைக் கொடுத்தார்.

வீடுகள் மறுபடி எழும்பின. எண்பதுகளில் ஊரில் கலியாணங்கள் பெருத்தன, சரீப்புக்கும் அழைப்பு வந்தது. ஆனால் அவர் இப்போது வேறு ஆளாக இருந்தார். சமைக்க ஒப்புக்கொள்ள முன்னர் அந்த வீட்டுக் கக்கூசைப் போய்ப் பார்ப்பார். மாடு அறுக்கும் இடம் அடுப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பார். மருதமுனைத் தறிச் சீலையில் கிடாரத்துக்கென்று தைத்த உறைகளைத் தன்னோடு கொண்டுபோவார். ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான் மூடி திறக்கும். பின்னால் ‘இலையான் சரீப்’ என்று பேர் வைத்தார்கள். அது அவருக்குத் தெரியும்.

அக்கரைப்பற்றில் ஒரு நெல் வியாபாரி வீட்டுக் கலியாணத்தில், முதல் நாளே செய்து திறந்து வைத்திருந்த வட்டிலப்ப இனிப்பைப் பரிமாற விடமாட்டேன் என்று நின்றார். வியாபாரி சபை நடுவில் அவரைத் திட்டினார். வட்டிலப்பம் பரிமாறப்பட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வரவில்லை. “ஒண்டும் ஆகல்ல எண்டா நல்லதுதானே,” என்று றாபியாவிடம் சொன்னார். ஆனால் அவர் தனக்கே அதைச் சொல்லிக்கொள்வது போல இருந்தது.

பக்கீரின் வீட்டுப் பக்கம் அவர் போவதே இல்லை. சந்தையில் சுபைறாவைக் கண்டால் வேறு ஒழுங்கையால் திரும்பிவிடுவார்.

1986இல் ஒரு நாள் சுபைறாவே வீட்டுக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

“காக்கா, மூத்தவள் நஸீறாவுக்குக் கலியாணம் பேசிரிக்கி. நீங்கதான் ஆக்கித் தரோணும்.”

சரீப் வாசலுக்கு வந்தார். “வேற ஆளப் பாரு தங்கச்சி. எனக்கு இப்ப ஏலாது.”

“ஏன் ஏலாது? போன கிழமையும் ஆக்கினீங்கதானே.”

அவர் நிலத்தைப் பார்த்தார். றாபியா உள்ளேயிருந்து வந்து கதவடியில் நின்றாள். கடைசியில் அவர் சொன்னார்: “உன்ட வீட்டுல நான் எப்பிடி ஆக்குற? றிஸ்வானுக்கு அண்டைக்குச் சோறு போட்டது நான்தானே.”

சுபைறா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“காக்கா, அவன் சோறு ரெண்டு வாய்தான் திண்ட. பால் போத்தல்தான் எந்த நேரமும். போத்தல் வாய்ச் சூப்பிய மூட ஒண்டும் இல்லாம பாயிலயே போட்டு வெச்ச நான். இலையான் இருக்கும், விசுக்கிட்டு வாயில வெப்பன். செல்லத்தம்பி ஐயா சொன்னது காதுல பட்ட நாள்ல இருந்து, நான்தான், நான்தான் எண்டு இரிக்கன். நஸீறாட வாப்பாவுக்கும் சொல்லல்ல. நீங்க என்னக் கண்டு விலகிப் போறதப் பாத்து, உங்களுக்குத் தெரிஞ்சிட்டு எண்டு நினைச்ச நான்.”

றாபியா போய்ச் சுபைறாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆரால எண்டு தெரியாது தங்கச்சி. அந்த ஐயா அண்டைக்கே சொன்னார். நான்தான் கேக்கல்ல,” என்றார் சரீப். பிறகு, “கலியாணம் எண்டைக்கு?” என்று கேட்டார்.

நஸீறாவின் கலியாணத்தில் அவர் ஆக்கிய நெய்ச்சோறு நன்றாக இருந்தது என்றார்கள். அவருக்கு ருசி தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே கிளம்பி, விருந்துக்கு வந்த வீடுகளுக்கெல்லாம் போய், “வயித்துக்கு எப்பிடி? புள்ளைகளுக்கு ஒண்டும் இல்லையே?” என்று கேட்டுக்கொண்டு நடந்தார். சிலர் சிரித்தார்கள். சுபைறா சிரிக்கவில்லை. அவளும் தன் பக்கத்து வீடுகளுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, ஒன்றுமில்லை காக்கா என்று சொன்னாள்.

அந்த வழக்கத்தை அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. ஒரு தடவை சம்மாந்துறை விருந்து முடிந்து வந்தபோது, அங்கே ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிறது என்று கேள்விப்பட்டார். உடனே பஸ் ஏறினார். விருந்துக்கு முன்னமே தொடங்கிய நோய் என்று அந்தப் பிள்ளைகளின் தாய் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். சரீப் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுந்து வெளியே விளையாடப் போகும்வரை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.